காய்ச்சலை வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம், எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது யாராவது போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்த வீடுகளில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: இன்றே காட்டிவிடலாமா, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? அந்த ஒரு நாளை எப்படிப் பொறுப்பது, எந்த நொடியில் பொறுமையை விட்டுவிட வேண்டும் என்பதைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது.

காய்ச்சல் வந்த முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

மற்றபடி நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்போடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. இரண்டு மூன்று நாளில் தானாகவே தணியும். தவிர, முதல் நாளில் மருத்துவருக்கே அதிகம் பிடிபடாது. டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாமே உடம்புவலியும் தலைவலியுமாகத்தான் தொடங்குகின்றன. எது எது என்பதை அடுத்த இரண்டு மூன்று நாட்கள்தான் பிரித்துக் காட்டுகின்றன.

ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்வது என்றால் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது என்று பொருள் அல்ல. காய்ச்சல் எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார், மருந்தில் சூடு தணிந்த நேரத்தில் எழுந்து நடமாடினாரா என்று ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்க்க ஆள் இல்லாமல் விடுதியிலோ வாடகை அறையிலோ தனியாக இருப்பவர் மறுநாளே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஆள் இருக்கும் வீட்டிலும், மழைக்காலத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டிய காய்ச்சலை, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

எத்தனை டிகிரி வந்தால் பயப்பட வேண்டும்?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். அக்குளில் வைத்துப் பார்த்தால் உண்மையான சூட்டைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது சூடு இருக்கிறதா என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. எண்ணின் வேலை இவ்வளவுதான். 103 டிகிரி அடித்துவிட்டு, மருந்து வேலை செய்த அரைமணி நேரத்தில் தட்டில் இருக்கும் இட்லியைப் பிய்த்து விளையாடும் பிள்ளையைவிட, 100.5 டிகிரியில் தலையைத் தூக்காமல், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடும் பிள்ளைதான் கவலைக்குரியது. தெர்மாமீட்டரை நாலு முறை பார்ப்பவர்கள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தால் போதும் என்று எனக்குப் பல நேரம் தோன்றும்.

யாருக்குக் காத்திருப்பதே கூடாது?

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால், நேரம் நள்ளிரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் இரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதைத் தவிர வேறு அடையாளம் காட்டாது. சில நேரம் சூடு ஏறுவதற்குப் பதிலாக உடம்பு சில்லிட்டும் போகும். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், நாட்பட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரும் முதல் நாளே காட்ட வேண்டியவர்கள்தாம்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான நிமோனியாவிலும் சூடு அதிகம் ஏறாமல் போகலாம். "அப்பாவுக்கு உடம்பு சுடவே இல்லை, நேற்றிலிருந்து ஏதோ மாற்றி மாற்றிப் பேசுகிறார்" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அந்த மாற்றிப் பேசுவதுதான் அங்கே காய்ச்சலின் இடத்தில் நிற்கிறது. அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது.

பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மிகாமல் போதும். தினமும் மது அருந்துபவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த அளவுக்குக்கூடப் போகக் கூடாது. சளிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கியதாகிவிடும்.

குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். தவறு நடப்பது கணக்கில் இல்லை, பாட்டிலில்தான். ஒரே மருந்து 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமானால் முதலாவதில் 6 மில்லிக்குச் சற்று அதிகம், இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. எங்கள் வீட்டில் ஒருமுறை பழைய பாட்டில் தீர்ந்து புதிது வாங்கிவந்தபோது அதில் 250 என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பழைய அளவையே மூடியில் ஊற்றிக்கொண்டு போன பாட்டியின் கையை, பள்ளிப் பாடம் படிப்பதுபோல லேபிளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மூத்தவள்தான் நிறுத்தினாள். அன்றிலிருந்து பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று பேனாவால் எழுதிவிடுகிறோம். சமையலறைக் கரண்டியால் அளக்கவே கூடாது.

உடம்புவலிக்கு வேறு மாத்திரை போடலாமா?

மழைக்காலக் காய்ச்சலில் கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்படும் மெஃபெனமிக் அமிலம் ஆகியவை, ஒருவேளை அது டெங்குவாக இருந்தால், இரத்தக்கசிவுக்கு வழிசெய்யும். இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிட்டு வருபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் உடனே அவரைக் கேட்க வேண்டும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இனி கவலையில்லை அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்கலாம். மற்ற பல காய்ச்சல்களில் சூடு தணிவது குணத்தின் அடையாளம். டெங்குவில் ஆபத்துக் கட்டம் தொடங்குவதே அப்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த வேளையில், சிலருக்கு நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் எஞ்சுவது கெட்டியான, அளவில் குறைந்த இரத்தம். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் இந்தக் கசிவை உரிய நேரத்தில் கண்டு, உரிய அளவில் திரவம் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். காணாமல் விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஏமாற்றும் காட்சி. நான்கு நாளாகக் கொதித்த உடம்பு குளிர்ந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிடுகிறது. ஆனால் படுத்திருப்பவர் முன்னைவிடச் சோர்ந்திருக்கிறார். உள்ளங்கையும் பாதமும் சில்லென்று பிசுபிசுக்கின்றன. விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பது கேட்டால்தான் தெரிகிறது. உண்மையிலேயே குணமாகிறவருக்குக் காய்ச்சல் விட்டதும் பசி எடுக்கும், முகம் தெளியும். காய்ச்சல் விட்டும் முகம் தெளியாதவரைத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மலம் கருப்பாகப் போவது, பெண்களுக்கு மாதவிடாய் வழக்கத்துக்கு மீறிப் போவது, மூச்சுத் திணறல், நிலைகொள்ளாத அமைதியின்மை அல்லது தூங்கி வழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலைக்கு ஒத்திப்போடக் கூடாது.

பிளேட்லெட் (இரத்தத் தட்டணுக்கள்) எவ்வளவு குறைந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்?

கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதலிடம், ஆனால் இது பாதிக் கேள்வி. இயல்பான அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. டெங்குவில் அது ஒரு லட்சத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டு, ஆறேழு நாளில் தானாகவே ஏறும். இரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை பத்தாயிரம் அளவுக்கு விழும்வரை பொதுவாகத் தட்டணுக்கள் ஏற்றத் தேவையில்லை. அதே அறிக்கையில் பிளேட்லெட்டுக்குச் சில வரிகள் தள்ளி பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட் என்று ஓர் எண் இருக்கும். இரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதைச் சொல்வது அந்த எண். முதல் நாள் 36 ஆக இருந்தது 44 ஆகியிருந்தால், பிளேட்லெட் எண்பதாயிரம் இருந்தாலும் உள்ளே கசிவு நடக்கிறது. வாட்ஸப்பில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று விசாரிக்கும் உறவினர்கள் "சிறுநீர் போகிறாரா?" என்று விசாரித்தால் அதிகப் பயன் உண்டு.

டெங்கு பரிசோதனையை எந்த நாளில் எடுப்பது?

வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள் பயன்படும், வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை அதற்குப் பிறகுதான் தெளிவாகக் காட்டும். தவறான நாளில் எடுத்த பரிசோதனை "இல்லை" என்று சொன்னால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. டைஃபாய்டுக்கான விடால் பரிசோதனையைக் காய்ச்சலின் இரண்டாம் நாளிலேயே எடுத்து "டைஃபாய்டு இருக்கிறது" என்று மருந்து தொடங்குவதும் பல ஊர்களில் நடக்கிறது. அந்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நம்பத்தக்கது அல்ல.

நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச்சாறும் கொடுக்கலாமா?

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்தது நிலவேம்புக் குடிநீர். டெங்கு காலங்களில் தமிழக அரசே மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகள் வழியாக இதை வழங்கியிருக்கிறது. பெரியவர் ஒருவர் அதைக் குடித்துவிட்டு, கஞ்சியும் இளநீரும் குடித்து, நாளையும் எண்ணிக்கொண்டு இருந்தால் அதைத் தடுக்க நான் எந்தக் காரணமும் காணவில்லை. "நிலவேம்பு கொடுத்துவிட்டோம்" என்ற நிம்மதியில் ஐந்தாம் நாளைக் கவனிக்காமல் விடுவதுதான் தீங்கு. பப்பாளி இலைச்சாற்றுக்கும் அதே பதில். தட்டணுக்களின் எண்ணிக்கையை அது சற்று உயர்த்தினாலும், உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவரும் நீர்க்கசிவை அது நிறுத்துவதில்லை. ஏற்கெனவே வாந்தி எடுக்கும் குழந்தையின் வாயில் கசப்புச் சாற்றைப் புகட்டி, குடித்த கஞ்சியையும் வெளியே வரவழைப்பதில் என்ன லாபம்?

என்ன குடிக்கக் கொடுப்பது?

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுப்பதைவிட உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவை மேல். பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலும் சிறியதை 200 மில்லியிலும், பொட்டலம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலத்தில் கால்வாசியைக் கண்ணளவில் எடுத்து ஒரு டம்ளரில் கலந்தால் உப்பின் அளவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றின் சர்க்கரை பேதியை அதிகமாக்கும்.

இந்த எளிய கரைசலின் வலிமையை உலகம் நம்பியது ஒரு நெருக்கடியில்தான். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அப்போது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு தேக்கரண்டியாக மீண்டும் கொடுக்கத் தொடங்கலாம். அதுவும் நிற்கவில்லை, கண் குழிந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் அது வீட்டு வேலை அல்ல.

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினால் சீக்கிரம் சரியாகிவிடும் அல்லவா?

இல்லை. வாயால் குடிக்க முடிந்தவருக்கு அது தேவையில்லை. டெங்குவில் கணக்கில்லாமல் ஏற்றிய திரவம் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சையே அடைக்கும்.

மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினால் என்ன?

பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ்ஸும் வாங்கலாம். பிரச்சினை, அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நிற மாத்திரைகளைப் பெயரே தெரியாமல் ஒரு சிறு காகித உறையில் போட்டு "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று தருவதில்தான். அந்த உறையில் டைக்ளோஃபெனாக் இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம், ஓர் ஆன்டிபயாடிக் இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் அன்று மாலையே உடம்பு லேசாகத் தோன்றும். நோய் உள்ளே தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். மறுநாள் மருத்துவரிடம் போனாலும் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல நம்மிடம் பெயர் இருக்காது. பல ஆன்டிபயாடிக்குகளை எச்1 பட்டியலில் சேர்த்து, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, டெங்குவும் இல்லை என்கிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?

உடம்பைத் தேடிப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சலில் பலருக்கு, ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழ், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம் என்று மறைவாகவே இருக்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாது. புறநோயாளிகள் பிரிவின் கூட்டத்தில் மருத்துவர் அங்கெல்லாம் பார்க்கத் தவறலாம்; வீட்டில் குளிக்கவைக்கும்போது பார்ப்பது எளிது. பார்த்துச் சொன்னால், டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்திலேயே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் அடங்கும். விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். தேங்கிய வெள்ளநீரில் நடந்திருந்தால், கெண்டைக்கால் தசை தொட முடியாமல் வலித்தால், கண் சிவந்திருந்தால் எலிக்காய்ச்சலுக்காக அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாலையில் லேசாகச் சூடு, இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடை குறைவு என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. அது காய்ச்சலாலா, நிமோனியாவாலா?

சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கிக் குழி விழுந்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை சில பிள்ளைகளுக்கு வருவது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும் பல்லுக்கு நடுவே கரண்டியை விடுவதாலும் பயனில்லை, காயம்தான் மிச்சம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முதல்முறை வந்தது என்றால் சீக்கிரம் நின்றாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

இரவு நேரத்தில் போவதா, விடியட்டும் என்று இருப்பதா என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தால் ஆலோசனை கேட்டு நேரத்தைப் போக்காமல், 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், கட்டணம் இல்லை. போகும் இடம், இரவிலும் இரத்தப் பரிசோதனை செய்யக்கூடிய, படுக்கை உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

இதுவரை கொடுத்த மருந்துகளை அட்டையோடும் பாட்டிலோடும், எடுத்த பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும், ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். "நாலஞ்சு நாளா காய்ச்சல்" என்ற வாக்கியத்தில் நாலுக்கும் அஞ்சுக்கும் இடையே உள்ள வேறுபாடு, டெங்குவில் எந்தப் பரிசோதனை, எந்தக் கட்டம் என்பதையே மாற்றிவிடும். காகிதத்தில் நீளமாக எழுத வேண்டியதில்லை, இப்படி இருந்தால் போதும்: "செவ்வாய் மாலை 6 மணிக்குத் தொடங்கியது, 102. எடை 14 கிலோ. புதன் மூன்று வேளை பாராசிட்டமால். வியாழன் இரவு இரண்டு முறை வாந்தி. வெள்ளி காலை 8 மணியிலிருந்து சூடு இல்லை, ஆனால் படுத்தே இருக்கிறான். கடைசியாகச் சிறுநீர் கழித்தது காலை 5 மணி."